நனைந்த புத்தகப் பள்ளிக்கூடம்

“உங்கட மகள் என்ட மகள்ட கலியாணத்தக் குழப்பிப்போட்டாள்” என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டு ஆசியா உம்மா வேலிக் கடப்பைத் தாண்டி வளவுக்குள் வந்தாள்.

ஸைனுலாப்தீன் அந்த நேரம் உடுப்புக் காயப்போடும் கயிற்றில் புத்தகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் யானை பிடிப்பவர்களைப் பற்றிய புத்தகம், மறு கையில் பறவைகளைப் பற்றிய புத்தகம், பல்லுக்கிடையில் ஒரு துண்டுக் கயிறு. கயிற்றைத் துப்பிவிட்டுத்தான் அவரால் வாய் திறக்க முடிந்தது.

“எந்த மகள்?”

“மூத்தவள்தான், பாத்தும்மா. மாப்பிள்ளைட உம்மா சபியா உம்மா இண்டைக்கிக் காலையில உங்கட ஊட்டுக்கு வந்து, பக்கத்து ஊட்டாக்கள் எப்பிடியெண்டு மரியாதையாத்தான் கேட்டிருக்கா. றாஹிலா கிணத்தடியில. உங்கட மகள் சம்மணம் கட்டி இருந்து, நேத்து நான் வேலியில நிண்டு றாஹிலாட்டக் கதைச்சதெல்லாத்தையும் ஒரு சொல்லு விடாமச் சொல்லியிருக்காள். மாப்பிள்ளைக்குக் காது ரெண்டும் சுளகளவு எண்டு சொன்னன். ஓம், சொன்னன்தான். நடுவில ஒருக்கா இருமினன். அந்த இருமலையும் இருமிக் காட்டியிருக்காள். சபியா உம்மா வெத்திலையக் கூடத் தொடாம எழும்பிப் போயிட்டா.”

ஒன்பது வயதுப் பாத்தும்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் குற்றம் செய்த களை எதுவும் இல்லை. குறைதான் இருந்தது.

“வாப்பா, நான் இன்னும் முடிக்கல்ல. அவங்க பாதியில எழும்பிட்டாங்க.”

“நீ முடிக்காம விட்டதே பெரிய உபகாரம்” என்றாள் ஆசியா உம்மா. வந்த வேகம் போய், தலையில் போட்ட முட்டாக்கு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி றாஹிலா வெளியே வந்தாள். “இதுக்குத்தான் நான் அண்டையிலிருந்து சொல்லுறன். புள்ளைகள ஊட்டுல வெச்சிப் படிப்பிக்கிற வேல உங்களுக்குச் சரிவராது. விட்டுருங்க.”

விட்டுருங்க என்ற சொல்லைக் கேட்டால் ஸைனுலாப்தீனுக்குக் கோபம் உச்சியில் ஏறும்.

“விடமாட்டன்” என்றார்.

கார்த்திகையில் வந்த புயல் அந்தக் கரையோரத்தில் தென்னைகளைப் பாதிக்குப் பாதி சரித்துப் போட்டது எல்லோருக்கும் தெரியும். கல்முனைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் அது இரண்டு கூரைகளையும் கழற்றிக்கொண்டு போனது. ஒன்று பள்ளிக்கூடக் கூரை. மற்றது கிராமசபை வாசிகசாலையின் கூரை. வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸைனுலாப்தீன். “கூரை வாற வரைக்கும் புத்தகங்கள ஊட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைங்க” என்று சபைத் தலைவர் சொல்ல, நான்கு மாட்டுவண்டி நிறைய ஈரப் புத்தகங்களோடு அவர் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

வீடு என்று சொன்னாலும் அது றாஹிலாவின் வீடு. அந்தப் பகுதி வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளைதான் அங்கே குடிவர வேண்டும். ஆகவே அடுத்தவர் வீட்டில் நான்கு வண்டி ஈரத்தைப் பரப்பி வைக்கும் மனிதனுக்கு ஒரு நல்ல காரணம் தேவைப்பட்டது. அது புத்தகங்களிலேயே கிடைத்தது. ஒட்டிப்போன பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது அவர் சும்மா வாசித்தார். பள்ளிக்கூடம் இல்லாமல் வளவுக்குள் மண் அளைந்துகொண்டிருந்த மூன்று பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக வந்து பக்கத்தில் இருந்துவிட்டார்கள்.

தைமாதம் பிறந்து, பள்ளிக்கூடத்தில் மாமரத்தடியில் வகுப்பு நடக்கும் என்று அறிவித்தபோது, ஸைனுலாப்தீன் பிள்ளைகளை அனுப்பவில்லை. பாடப்புத்தகம் எதற்கு, நல்ல கதை இருக்கும்போது என்றார். அவருடைய முறை எளிது. கதையை ஒரே ஒருதரம் வாசிப்பார். பிள்ளைகள் சம்மணம் கட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு கேட்டதைக் கேட்ட ஒழுங்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். “இவ்வளவுதான் நான் கேட்டது” என்று சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, சொல்கிறவரும் பாதியில் நிறுத்தக் கூடாது. கொக்கைப் பற்றி வாசித்தால் அன்று பின்னேரம் நான்கு பேருமாக வயலுக்குப் போய்க் கொக்கின் காலில் எத்தனை விரல் என்று பார்த்து வருவார்கள். கப்பல் சமையல்காரன் ஒருவன் தனித்தீவில் அகப்பட்ட கதையை வாசித்தால் தரையில் தீவு கீறி, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

பாத்தும்மா ஒரு சொல் தவறவிட மாட்டாள். ஏழு வயதுச் சரீப் சொல்லோடு சேர்த்து யானை நடையும் நடந்து காட்டுவான். நான்கு வயது ஸைனம்பு மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சொல்லச் சொன்னால் பெருவிரலை வாயில் வைத்துக்கொள்வாள். காதில் அழுக்கு என்று முடிவுகட்டி ஸைனுலாப்தீன் மூன்று நாள் எண்ணெய் விட்டுப் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை.

இதெல்லாம் றாஹிலாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெரிய பிள்ளையானதும் அந்தக் காலத்து முறைப்படி வீட்டோடு இருத்திவிட்டார்கள். பாடம் நடக்கும் நேரமெல்லாம் அவள் குசினியின் ஓலைத் தட்டிக்குப் பின்னால் இருந்து அரிசியில் கல் பொறுக்குவாள். பிழை பிடிக்கத்தான் இருக்கிறாள் என்று ஸைனுலாப்தீனுக்குத் தெரியும். சமையல்காரன் கதை வாசிக்கிற நாட்களில் சோறு கட்டாயம் அடிப்பிடிக்கும். கோபத்தில் வேண்டுமென்றே அடிப்பிடிக்க விடுகிறாள் என்று நினைத்து, அவரும் கோபமாக அந்தக் கருகலைச் சாப்பிட்டு முடிப்பார். வேறு எப்படிக் கோபத்தைக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவரைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கோழி வளர்ப்பை அவர் பத்து நாள் செய்தார். தேனீ வளர்ப்பு எட்டு நாள், அதிலும் மூன்று நாள் முகம் வீங்கிப் படுத்திருந்தது. கொல்லையில் மூலிகைத் தோட்டம் போட நான்கு குழி வெட்டினார், இரண்டில் தவளை குடியிருக்கிறது. எடுத்த காரியத்தில் ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு நெஞ்சுக்குள் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கதைப் பாடம் தொடங்கிய பத்தாம் நாளும் அவருக்கு அந்தப் பழைய சலிப்பு மெதுவாகத் தட்டத்தான் செய்தது. மாமரத்தடிக்கே அனுப்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கடப்படியில் சைக்கிள் மணி கேட்டது. வந்தவர் றாஹிலா ‘நானா’ என்று கூப்பிடும் அவளுடைய மூத்த சகோதரர் அச்சிமுகம்மது. கூரை போன பள்ளிக்கூடத்தின் அதிபர். அவர் நேரே குசினிக்குப் போய்த் தங்கச்சியிடம் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, வெளியே வந்து கதிரையில் இருந்தார்.

“மச்சான், இதென்ன கூத்து. நீங்க வாத்தியாரா? புள்ளைகளுக்குக் கதை சொன்னாப் படிப்பாகுமா? உங்களுக்கு இது ஏலாது. இண்டைக்கே விட்டுருங்க.”

ஸைனுலாப்தீனுக்கு வந்த சலிப்பு வந்த வழியே போய்விட்டது. “விடமாட்டன்.”

“சரி. நாப்பதாம் நாள் வெள்ளிக்கிழம, ஜும்ஆவுக்குப் பொறகு நான் வந்து சோதிப்பன். புள்ளைகள் சரியாச் செய்யாட்டி, திங்கக்கிழம அதுகள் என்ட ஸ்கூல்ல. நீங்க மறுகா வாய் திறக்கக் கூடா.”

“சரி, வாங்க. பாப்பம்” என்றார் ஸைனுலாப்தீன்.

ஆசியா உம்மா அழுதுகொண்டு போனது பத்தொன்பதாம் நாள். இருபதாம் நாளும் அவளுடைய விசும்பல் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஸைனுலாப்தீனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு குமர்ப் பிள்ளையின் வாழ்வைக் கெடுத்துத்தான் இந்தப் படிப்பு வேண்டுமா என்று தோன்றியது. புத்தகங்களைக் கட்டிவைக்கச் சாக்குத் தேடினார். சாக்கு அகப்படுவதற்குள் சைக்கிள் மணி அடித்தது.

“கேள்விப்பட்டன்” என்றார் அச்சிமுகம்மது. “நான் சொன்னன்தானே ஏலாதெண்டு. இப்ப விட்டுருவீங்கதானே?”

ஸைனுலாப்தீன் சாக்கைத் தூக்கி மூலையில் எறிந்தார்.

அன்று பின்னேரம் பிள்ளைகளை இருத்தி ஒரு சட்டம் போட்டார். “வெளிய ஆக்கள் கதைக்கிற கதையத் திருப்பிச் சொல்லக் கூடா. கதையெண்டா ‘ஒரு ஊரில’ எண்டு தொடங்கணும். அப்பிடித் தொடங்குறதத்தான் சொல்லலாம். விளங்கினதா?”

“ஓம் வாப்பா” என்றார்கள் இருவரும். ஸைனம்பு விரலை வாயில் வைத்தாள்.

சட்டத்தைச் சரீப் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான். இரண்டு நாள் கழித்துப் பின்னேர அஸர் தொழுகைக்கு ஆட்கள் பள்ளிவாசல் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, அவன் படியில் சம்மணம் கட்டி இருந்து சொல்லத் தொடங்கினான்.

“ஒரு ஊரில ஒரு மரைக்கார் இருந்தாராம். அவர்ட பேர் கச்சிமுகம்மது மரைக்கார். பள்ளிக்கூடத்துக் கூரைக்கு வந்த தகரத்தப் பள்ளிவாசல் வளவுக்குள்ள அவர்ட பொறுப்பில அடுக்கி வெச்சிருந்தாங்களாம். மரைக்கார் கூட்டாளிட்டச் சொன்னாராம், ‘கூரை போடக் காலம் கிடக்கு. அதுவரைக்கும் நாலு தகரம் என்ட மாட்டுக் கொட்டில்ல கிடக்கட்டும், மாடும் மழையில நனையிதுதானே’ எண்டு. இவ்வளவுதான் நான் கேட்டது.”

கால் கழுவிக்கொண்டிருந்தவர்களில் பள்ளிவாசல் நிர்வாகியான கச்சிமுகம்மது மரைக்காரும் ஒருவர். ஒற்றைக் காலைக் கழுவியபடி நின்றவர், மற்றக் காலைக் கழுவ மறந்து அப்படியே ஸைனுலாப்தீனின் வளவுக்கு வந்துவிட்டார்.

“பள்ளிவாசல்ல வெச்சி என்ட மானத்த வாங்கிப்போட்டான் உன்ட மகன்.”

“புள்ள ஊர் பேர் தெரியாமச் சொல்லிட்டான் மரைக்கார்.”

“ஊரும் சொன்னான். பேரும் சொன்னான். மாட்டுட நெறத்தத்தான் சொல்லல்ல.”

அவர் போனபின் ஸைனுலாப்தீன் சட்டத்தைத் திருத்தினார். “இனிமே ஆள்ட பேர் வரக் கூடா. மனிசரே வரக் கூடா. கதை சொல்லுறெண்டா எல்லாத்தையும் மிருகமாக்கிச் சொல்லுங்க. அப்ப ஒருத்தருக்கும் கோவம் வராது.”

அந்த யோசனை தனக்கு வந்ததில் அவருக்கே பெருமையாக இருந்தது. அன்று இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து நரிக் கதை கட்டினார்கள். காட்டிலே புயல் அடித்து மிருகங்களின் பள்ளிக்கூடத்துக் கூரை போய்விட்டது. சிங்கராசா கூரைக்கு ஓலை அனுப்பினார். ஒரு நரி அதில் கொஞ்சத்தை இழுத்துக்கொண்டுபோய்த் தன் பொந்துக்கு மேலே போட்டது. முயல்குட்டிகள் வெயிலில் இருந்து படித்தன. நரி தன் பொந்துக்குள்ளே நிழலில் தூங்கியது. இந்தக் கதை கிணற்றடியில் தொடங்கி, தேநீர்க் கடைக்குப் போய், மூன்றே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சின்னப் பிள்ளைகள் தெருவில் முயல்குட்டியாக இருந்து விளையாடினார்கள்.

முதலில் வந்தவர் சைக்கிள் திருத்தும் அப்துல் ஸமட்.

“ஸைனுலாப்தீன், உண்மையச் சொல்லு. அந்த நரி நான்தானே?”

“இல்ல.”

“இல்லெண்டா, என்ட கோழிக்கூட்டுக்கு மேல கிடக்கிற ரெண்டு தகரமும் ஸ்கூல் தகரமெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியா.”

அப்துல் ஸமட் சைக்கிளைத் திருப்பினார். “இப்ப தெரியும்தானே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்தக் கிழமைக்குள் ஏழு பேர் வந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் தாங்கள்தான் அந்த நரி என்றார்கள். ஒரு சிலர் கோபமாகக் கேட்டார்கள், ஒரு சிலர் கெஞ்சிக் கேட்டார்கள். ஒருவர் தகரமே எடுக்காதவர். ஆனால் இருபது வருடத்துக்கு முன் எடுத்த ஓர் ஏணியைப் பற்றி மனம்விட்டுப் பேசிவிட்டுப் போனார். ஸைனுலாப்தீனுக்குத் தலை சுற்றியது. ஊரில் யார் முகத்தைப் பார்த்தாலும் நரி தெரிந்தது. முப்பதாம் நாள் காலை, இது நமக்கு வேண்டாத வேலை, பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாசலில் மச்சான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். இந்த மனிதன் ஆளின் மனசை மோப்பம் பிடித்து வருகிறாரா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

“எங்க வெளிக்கிட்டீங்க? புள்ளைகளக் கொண்டந்து விடவா? நல்லம். உங்களால ஏலாதெண்டு எனக்கு அப்பவே தெரியும்.”

“கடைக்குப் போறன்” என்றார் ஸைனுலாப்தீன். கடையில் வாங்க ஒன்றும் இல்லாமல், ஒரு நெருப்புப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, சமையல்காரன் கதையில் அடுத்த அத்தியாயத்தை எடுத்தார்.

அங்கேயும் ஒரு சிக்கல். அந்தப் புத்தகத்தின் கடைசி முப்பது பக்கங்களைப் புயல் கொண்டுபோயிருந்தது. சமையல்காரன் தெப்பம் கட்டிக் கடலில் இறங்கும் இடத்தோடு நின்றுவிட்டது.

“முடிவு இல்லாத கதைய என்னத்துக்கு வாசிக்கிற?” என்று தட்டிக்குப் பின்னாலிருந்து றாஹிலாவின் குரல் வந்தது. “அவன் கரை சேந்தானா, கடல்லயே மௌத்தாப் போனானா, உங்களுக்கெங்க தெரியப்போகுது. விட்டுருங்க.”

“ஏன் தெரியா? நான் சொல்லுறன்” என்று ஸைனுலாப்தீன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தானே கதையைத் தொடர்ந்தார். அன்றைக்குச் சோறு கரிக்கட்டையாகிவிட்டது.

இதற்கிடையில் பள்ளிவாசல் வளவில் ஒரு புதினமான காரியம் நடந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடப் பாண்டிருப்பிலிருந்து தச்சுவேலை சாமித்தம்பி வந்திருந்தார். அவர் நேரே ஸைனுலாப்தீனைத் தேடி வந்தார், விசயம் தெரிந்தவர் இவர்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“தம்பி, எனக்கொண்டும் விளங்கல்ல. அரசாங்கம் அனுப்பின தகரம் எண்பது. போன மாசம் வந்து பாக்கக்குள்ள முப்பத்தொண்டுதான் கிடந்த. இண்டைக்கி எண்ணினா எண்பத்தி மூண்டு இரிக்கி. ஒரு ஏணியும் கிடக்கு.”

“அது நரி கொண்டந்து வெச்ச” என்றான் சரீப்.

“நரியோ?” என்று சாமித்தம்பி ஸைனுலாப்தீனைப் பார்த்தார். “அப்ப நல்ல நரி. வெள்ளிக்கிழமைக்குள்ள வேல முடிஞ்சிரும். திங்கக்கிழம ஸ்கூல் துறக்கலாம்.”

அவர் போன பிறகுதான் ஸைனுலாப்தீனுக்கு நடந்தது உறைத்தது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை என்பதுதான் இத்தனை நாளும் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க அவருக்கு இருந்த நல்ல காரணம். அந்தக் கூரையை அவருடைய சொந்தப் பிள்ளைகள், அவர் சொல்லிக் கொடுத்த முறையில், ஒரு நரியை விட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் அழுகை வரும்போல இருந்தது. நாற்பது நாளில் முப்பத்தெட்டு நாள் ஒரு காரியத்தைச் செய்திருக்கிறார். வாழ்க்கையில் அவ்வளவு தூரம் அவர் எதிலும் போனதில்லை.

நாற்பதாம் நாள் ஜும்ஆ முடிந்து அச்சிமுகம்மது வந்தார். தனியாக வரவில்லை. அழுத ஆசியா உம்மாவையும், கோபித்துப் போன சபியா உம்மாவையும் அழைத்து வந்திருந்தார். முறைப்பாட்டையும் இன்றைக்கே விசாரித்து முடித்துவிடுவதாகச் சொன்னார். இரண்டு பெண்களும் ஒரே பாயின் இரண்டு மூலையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். றாஹிலா குசினி வாசலில் நின்றாள். மூன்று பிள்ளைகளும் சம்மணம் கட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஸைனுலாப்தீனுக்கு மட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதிபர் ஒரு பாலர் புத்தகத்தை எடுத்துச் சரீப்பிடம் நீட்டினார். “வாசி.”

“ஆடு வந்தது. மாடு வந்தது. அம்மா பார்த்தாள்” என்று தடங்கல் இல்லாமல் வாசித்தான் சரீப். வாசித்துவிட்டு மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன?”

“மறுகா என்ன நடந்த மாமா?”

“அவ்வளவுதான். பாடம் முடிஞ்சி.”

“ஆடு என்னத்துக்கு வந்த?”

அதிபர் பத்தொன்பது வருடமாக அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறார். ஆடு என்னத்துக்கு வந்தது என்று யாரும் கேட்டதில்லை. “தண்ணி குடிக்க வந்திருக்கும்” என்றார்.

“மாடு?”

“மாடு ஆட்டத் தேடி வந்த.”

“ஆடு சொல்லாம வந்ததா?”

“ஓம், அதுக்கு மாட்டோட கோவம்” என்று தொடங்கிய அதிபர், கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். ஆடும் மாடும் ஒரே பட்டியில் பழகியதும், ஒரு கட்டுப் புல்லுக்காகப் பகைத்ததும், வெள்ளத்தில் வாய்க்கால் கரையில் மறுபடி சந்தித்ததும் கால்மணி நேரம் ஓடியது. அம்மா எதற்காகப் பார்த்தாள் என்ற இடத்தில்தான் தன்னுடைய நிலை அவருக்கு ஞாபகம் வந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு இருமினார்.

“சரி, கணக்கு. ஒரு வயல்காரப் போடியாரிட்டப் பன்னிரண்டு மாடு. அஞ்சு மாடு துலைஞ்சி போச்சி. மிச்சம் எத்தின?”

“ஏழு” என்றான் சரீப். “ஆனா துலைஞ்சதுல தாய்மாடு இரிந்தா, கண்டுக்குட்டியும் பொறகால போயிரிக்கும் மாமா. அப்ப ஆறு.”

சபியா உம்மா சிரிப்பை அடக்க முட்டாக்கை வாயில் வைத்துக்கொண்டாள். ஆசியா உம்மாவும் அதே நேரத்தில் அதையே செய்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, திரும்பவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“பாத்தும்மா” என்றார் அதிபர், “இந்த ரெண்டு பேருக்கும் இடையில நடந்த பிரச்சின உன்னால. என்ன சொல்லுறாய்?”

“நான் முடிக்கல்ல மாமா. பாதியில நிப்பாட்டக் கூடாதெண்டு வாப்பாட சட்டம். அவங்கதான் எழும்பிப் போனாங்க.”

“அப்ப முடி.”

ஆசியா உம்மா பாயில் நெளிந்தாள். பாத்தும்மா கண்ணை மூடி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, ஒருதரம் இருமினாள்.

“‘காது கிடக்கட்டும் றாஹிலா. புயலடிச்ச அண்டைக்கி இடுப்பளவு தண்ணியில எங்கட ஊட்டுக்கு வந்து, என்னையும் என்ட மகளையும் கையப் பிடிச்சிப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போன அந்தப் பொடியன்தான். அவன்ட உம்மாவும் நனைஞ்ச உடுப்போட நிண்டு எங்களுக்குக் கஞ்சி காச்சித் தந்தா. அப்பிடிப்பட்ட ஊட்டுக்குத்தான் மகளக் குடுக்கணும். அவங்க ஓமெண்டு சொல்லணுமே எண்டு ரெண்டு ரக்அத்துத் தொழுதிட்டு வாறன்.’ இவ்வளவுதான் நான் கேட்டது.”

சபியா உம்மா பாயின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நகர்ந்து வந்து ஆசியா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன்ட வாப்பாட காது, ஆசியா. அதுக்கு நான் என்ன செய்ய” என்றாள். இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். பெண்வீட்டார் மாப்பிள்ளை கேட்டுப் போகும் நாளும் அங்கேயே பேசி முடிந்தது.

ஸைனுலாப்தீனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் கேட்கப் பழகியிருக்கிறார்கள், அதுவும் முடிவு வரைக்கும் கேட்கப் பழகியிருக்கிறார்கள். அதைத் தான்தான் பழக்கினேன் என்று நினைத்தபோது, ஈரப் புத்தகங்களின் பூஞ்சண வாடை கூட அவருக்கு அத்தர்போல மணத்தது.

அதிபர் எழுந்து தீர்ப்புச் சொன்னார். “புள்ளைகள் தேறிட்டுதுகள். அத மறைக்க ஏலாது. ஆனா ஸ்கூலுக்குக் கூரை வந்திட்டு. திங்கக்கிழமையிலிருந்து அதுகள் அங்க வரட்டும், மத்தப் புள்ளைகளுக்கும் இந்த வித்தையக் காட்டட்டும். மச்சான், நீங்க செஞ்சது போதும். பின்னேரக் கதைப் பாடத்தையும் இனி விட்டுருங்க.”

“ஸ்கூலுக்குப் போகட்டும்” என்றார் ஸைனுலாப்தீன். “அஸருக்குப் பொறகு கதை நடக்கும். கப்பல் சமையல்காரன் இன்னும் கரை சேரல்ல. அவன் சேந்த பொறகு வேற புத்தகம். இன்னும் மூண்டு வண்டிப் புத்தகம் கிடக்கு. ஆர் வந்து சொன்னாலும் நான் விடமாட்டன்.”

அச்சிமுகம்மது தங்கச்சியைப் பார்த்தார். றாஹிலா சட்டென்று முட்டாக்கை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் திரும்பினாள். கணவன் ஜெயித்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலும் என்று ஸைனுலாப்தீன் நினைத்தார்.

அப்போது ஸைனம்பு வாயிலிருந்து விரலை எடுத்தாள்.

“வாப்பா, நானும் ஒரு கதை சொல்லட்டா?”

நாற்பது நாளில் அவள் சொல்லப்போகும் முதல் கதை. எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். ஸைனுலாப்தீன் அவள் பக்கம் குனிந்தார். “சொல்லு மகள்” என்றார். “நீ முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழும்ப மாட்டாங்க.”

“ஸைனம்பு, இங்க வா” என்று குசினிக்குள்ளிருந்து றாஹிலாவின் குரல் அவசரமாக வந்தது.

“குறுக்க கதைக்கக் கூடா” என்றார் ஸைனுலாப்தீன்.

ஸைனம்பு சம்மணத்தைச் சரிசெய்தாள். கையை மடியில் வைத்தாள்.

“மாமா முதல் நாள் குசினிக்குள்ள தேத்தண்ணி குடிக்கக்குள்ள உம்மா சொன்ன கதை. ‘நானா, இந்த மனிசன் எதத் தொட்டாலும் பத்து நாள்தான், ஆராவது விடச் சொன்னாத்தான் விடமாட்டாரு. நீங்க பத்து நாளைக்கொருக்கா வந்து நல்லா ஏசிப்போட்டுப் போங்க, எனக்கும் அந்தக் கப்பல் சமையல்காரன்ட கதைய முடிவு வரைக்கும் கேக்கணும்.’ இவ்வளவுதான் நான் கேட்டது.”